படுத்திருப்பவளுக்கு ஒரு சுவர்

போன வாரம் உங்கள் புதிய மாதிரி வீட்டைக் காட்ட என்னை பாசிர் ரிஸ்ஸுக்கு அழைத்துப் போனீர்கள். கிழவன் விழுந்துவிடப் போகிறான் என்று இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். நன்றி. குளியலறைக்கு மூன்று பக்கம் கண்ணாடி போட்டிருந்தீர்கள். படுக்கையில் இருப்பவருக்குக் குளிப்பவர் தெரிகிறார். குளிப்பவருக்கு எதிர் புளோக்கில் துணி காயப்போடும் அம்மாள் தெரிகிறார். அந்த அம்மாளுக்கு என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டீர்கள். "வெளிச்சமா இருக்கு" என்றேன். பாராட்டு என்று நினைத்து என்னைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள்.

அது பாராட்டு இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆகாது. அதற்குக் காரணம் ஒரு பழைய சமாச்சாரம். உங்கள் கட்டடக் கலை அலுவலகத்தில் பேச வரச் சொன்னபோது, "ஏதாவது ஊக்கமூட்டுகிற மாதிரி" என்று கேட்டிருந்தீர்கள். மன்னியுங்கள், இதில் ஊக்கம் குறைவு. நான் செய்த முட்டாள்தனம்தான் அதிகம்.

அறுபதுகளின் தொடக்கம். நான் இதே சிங்கப்பூரில், ராபின்சன் ரோட்டில் ஒரு தனியார் கட்டடக் கலைஞரிடம் வரைவாளனாக இருந்தேன். அவர் யோசிப்பார், நான் கோடு போடுவேன். யாழ்ப்பாணத் தமிழர், இங்கேயே பிறந்தவர். இங்கிலாந்தில் ஆறு வருஷம் படித்துவிட்டு வந்திருந்தார். அங்கே போய் வருபவர்கள் சிலர் குழாய் புகைக்கப் பழகி வருவார்கள், சிலர் வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு வருவார்கள். எங்கள் முதலாளி சுவர்களின்மேல் ஒரு வெறுப்போடு வந்தார். சுவர் மனிதனை மனிதனிடமிருந்து பிரிக்கிறதாம். புது நாட்டின் புது மனிதனுக்கு வீடு என்பது தடையில்லாத ஒரே வெளியாக இருக்க வேண்டுமாம். இதையெல்லாம் அவர் சொல்லும்போது கண்ணில் ஒரு பளபளப்பு வரும். நாங்கள் ஆறு வரைவாளர்களும் தலையாட்டுவோம்.

அவருடைய சொந்த பங்களா காத்தோங்கில் இருந்தது. கோப்பு கொடுக்கப் போனபோது எண்ணிப் பார்த்திருக்கிறேன், உள்ளே பதினொரு கதவுகள். அதில் ஒன்றுக்குப் பின்னால் அவர் மட்டும் உட்கார்ந்து பத்திரிகை படிக்கும் அறை. வீட்டம்மாவுக்கே அங்கே அனுமதி கிடையாது. புது மனிதன் என்று அவர் சொன்னது அவரை இல்லை என்பது எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

ஒரு ரப்பர் கம்பெனி தன் கிடங்குத் தொழிலாளர்களுக்கு பாலஸ்டியர் சாலைக்கு அப்பால் நான்கு மாடிக் குடியிருப்பு கட்ட நினைத்தது. முதலில் கீழ்த்தளத்தில் ஒரே ஒரு வீட்டை முடிப்பது, அதில் உண்மையான ஒரு குடும்பத்தைக் குடிவைப்பது, கம்பெனி மேலாளர்கள் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் மிச்சத்தைக் கட்டுவது என்று ஏற்பாடு. முதலாளிக்குத் திருவிழா. வாசல் கதவைத் திறந்தால் ஒரே பெரிய அறை. முன்பக்கம் முழுக்கத் திருகித் திறக்கும் கண்ணாடிப் பட்டைகள். உட்காருவது, உண்பது, உறங்குவது எல்லாம் அந்த ஒரே வெளியில். பின்னால் சமையலுக்கு ஒரு ஒதுக்கம். கழிவறைக்கு மட்டும் சுவரும் கதவும் இருந்தன, அதுவும் நகராட்சி விதி வற்புறுத்தியதால். விதி இல்லாமல் இருந்திருந்தால் அதற்கும் ஏதாவது தத்துவம் சொல்லியிருப்பார்.

அந்த வீட்டின் உட்புறத் தோற்றத்தை வரைந்தது நான். படத்தில் மனிதர்களைப் போடுவது என் தனித் திறமை என்று அலுவலகத்தில் பெயர். ஒரு பெண் சோபாவில் சாய்ந்து பத்திரிகை படிக்கிறாள். ஒரு ஆண் கண்ணாடி ஓரம் நின்று வானத்தைப் பார்க்கிறான். ஒரு குழந்தை பந்தை உருட்டுகிறது. மூவரும் சிரிக்கிறார்கள். கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு வந்தவன் எந்த வானத்தைப் பார்ப்பான் என்று நான் யோசிக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து கம்பெனிக்காரர்கள் மயங்கிப் போனார்கள். முதலாளி என் சம்பளத்தில் பத்து வெள்ளி கூட்டினார்.

குடிவைக்க நல்ல குடும்பம் ஒன்று வேண்டும் என்றார் முதலாளி. "துப்புரவான சனமா இருக்கோணும், தம்பி. பார்க்க வாறவைக்கு ஒரு மகிழ்ச்சி வரோணும்."

நான் சுப்பையா அண்ணன் பெயரைச் சொன்னேன்.

அவர் அந்தக் கம்பெனிக் கிடங்கில் எடை போடுகிறவர். பஃபலோ ரோட்டில், தேக்கா சந்தைக்கு எதிரே, நான் குடியிருந்த கடைவீட்டு மாடியிலேயே எனக்கு அடுத்த அறையில் இருந்தார். அறை என்றால் நீங்கள் நினைக்கிற அறை இல்லை. ஒரு நீளமான மாடியைப் பலகையால் எட்டாகத் தடுத்து எட்டுக் குடும்பத்துக்கு விட்டிருந்தார்கள். பலகை ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும், அதற்கு மேல் கம்பி வலை. ஒரு அறையில் அப்பளம் பொரித்தால் எட்டு அறைக்கும் தும்மல். கணவன் மனைவி சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது மாடி முழுக்கத் தெரியும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கதவு சாத்தியிருந்தால் அந்த அறை இந்த உலகத்திலேயே இல்லை. சுப்பையா அண்ணன் மனைவி லோகா அக்காவுக்கு இரண்டாவது தடவை ஆறாம் மாதத்தில் குழந்தை தவறியது. நாங்கள் எல்லோரும் கேட்டோம், பலகைதானே. மறுநாள் காலையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசி அறையில் இருந்த மலையாளி டிரைவர் தன் ரேடியோவை இரண்டு வாரம் தொடவில்லை. அவருக்கு அந்த ரேடியோதான் உயிர். குழாயடியில் பெண்கள் அக்காவின் குடத்தைத் தாங்களே நிரப்பி அவள் கதவருகே வைத்துவிட்டுப் போனார்கள். முதலாளி இங்கிலாந்தில் படித்த புத்தகங்களில் இந்த மாதிரிச் சுவரைப் பற்றி ஒன்றும் இல்லை போலும்.

நான் சுப்பையா அண்ணனிடம் வீட்டு விஷயத்தைச் சொன்னபோது அக்காவுக்கு மூன்றாவது தடவை, நாலாம் மாதம். பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: இந்தக் குழந்தை நிற்க வேண்டும் என்றால் தாய் நிற்கக் கூடாது. பிள்ளை பிறக்கும்வரை படுக்கைதான். பஃபலோ ரோட்டில் அது எப்படி முடியும்? செங்குத்தான மரப்படி, கீழே குழாய், கீழே கழிவறை. புது வீட்டில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இந்தப் புள்ள தங்கிடுச்சுன்னா அது நீங்க குடுத்ததுன்னு நெனச்சுக்குவோம்" என்றார்.

நான் பெருமையில் உப்பிப் போனேன். பலகை அறையை வேறொரு குடும்பத்துக்கு விட்டுக் கொடுத்துவிட்டு அவர்கள் புது வீட்டுக்குக் குடி போனார்கள்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது ஊர்வலம்.

முதலில் கம்பெனி மேலாளர்கள். பிறகு அவர்களுடைய மனைவிமார். பிறகு இன்ஜினியர் சங்கத்தார், முதலாளியின் கூடப் படித்தவர்கள், பினாங்கிலிருந்து வந்த ஒரு மாணவர் கூட்டம். வாரத்துக்கு இரண்டு தடவை, சில வாரம் மூன்று. வழிகாட்டி நான்தான். முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் இல்லை. சொல்லிவிட்டுப் போனால் வாழ்க்கை இயல்பாக இருக்காது என்பது முதலாளியின் கொள்கை. கதவைத் திறந்துகொண்டு நேரே நுழைவோம். ஒரு கால் உள்ளே வைத்தால் போதும், வீடு முழுக்கத் தெரிந்துவிடும். வெளிச்சம் எப்படி நிறைகிறது பாருங்கள் என்று நான் கையை வீசிக் காட்டுவேன்.

அந்த வெளிச்சத்தின் நடுவில் லோகா அக்கா படுத்திருப்பாள். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிடுவாள்.

வேறென்ன செய்வாள்? புருஷனுக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நிற்கிறார்கள். வேற்று ஆண்கள் பத்துப் பேர். அவர்கள் முன்னால் பாயில் மல்லாந்து கிடப்பதா? அவள் அப்படி வளர்ந்தவள் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, சமையல் ஒதுக்கத்தின் ஓரமாகப் போய் நிற்பாள். நாங்கள் காற்றோட்டம் பற்றிப் பேசி முடிக்க அரை மணி, சில நாள் முக்கால் மணி. பினாங்கு மாணவர்கள் அளவுநாடா வைத்து அறையை அளந்தார்கள். அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பரவாயில்லையே, அக்கா நிற்கும் இடம் படத்துக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று தோன்றியது. இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. ஆனால் சொல்லாவிட்டால் நீங்கள் என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஒரு நாள் போனபோது அறையின் குறுக்கே ஒரு பச்சைப் புடவை தொங்கியது. ஆணி அடித்து, கயிறு கட்டி, ஒழுங்காக மடித்துப் போட்டிருந்தாள். பின்னால் பாய். முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது.

"உந்தச் சீலை என்னத்துக்குத் தொங்குது?" என்றார் என்னிடம். அக்கா காதில் விழும்படிதான். "வெளிச்சம் முழுக்க மறைக்குது. கழட்டும், தம்பி."

அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் அவர்கள், புடவை அவளுடையது. நான் ஸ்டூல் போட்டு ஏறி அவிழ்த்தேன். மடித்து அவளிடம் நீட்டினேன்.

"எடுத்துட்டே போங்க தம்பி" என்றாள் அக்கா. "வீடு உங்களுது, நாங்க இங்க சும்மா காட்சிக்குத்தானே இருக்கோம்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் பிடுங்கிக்கொள்ளவில்லை. அடுத்த வாரமும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஐந்தாம் மாதம் முடிகிற சமயம். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சுப்பையா அண்ணன் அலுவலகத்துக் கீழே கோப்பிக் கடையில் எனக்காகக் காத்திருந்தார். கிடங்கு வேலையை விட்டுவிட்டு அந்த நேரத்தில் வருகிற ஆள் இல்லை. கோப்பி ஆறிக் கிடந்தது.

"பசியாறினீங்களா அண்ணே?" என்றேன்.

"நேத்து அவளுக்குக் கறை பட்டுடுச்சு தம்பி" என்றார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இன்னைக்குக் காலையில அனுப்பிட்டாங்க. இதுக்கு மேல ஒரு தடவ நின்னா எங்க கையில ஒண்ணும் இல்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

முந்தின நாள் காலையில் அங்கே வந்து போனது யார் என்று எனக்குத் தெரியும். நான்தான் கூட்டிப் போனேன்.

"சனிக்கிழமை லண்டன்லேர்ந்து பெரிய தொரை வராராமே, கெடங்குல எல்லாரும் பேசிக்கிறாங்க" என்றார். "நாங்க வீட்டத் திருப்பிக் குடுத்துடறோம் தம்பி. பஃபலோ ரோட்டுலயே எங்கயாச்சும் ஒரு மூல கிடைக்குமான்னு பாருங்க. மாடிப்படின்னாலும் பரவால்ல லா. அங்க ஒரு கதவாச்சும் இருந்துச்சு."

மனிதர்களைப் பலகைப் பொந்திலிருந்து மீட்டுவிட்டோம் என்று நாங்கள் மார்தட்டிக்கொண்டிருந்தோம். மீட்கப்பட்டவர் அந்தப் பொந்தைத் திருப்பிக் கேட்கிறார். அங்கேயும் இடம் இல்லை. அவர்கள் அறையில் ஐந்து பேர் குடியேறி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

நான் மேலே போய் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். பயந்துகொண்டே சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பென்சிலை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். "ஐயோ பாவம்" என்றுகூடச் சொன்னார். பிறகு சனிக்கிழமையைப் பற்றி யோசித்தார்.

"ஒரு மணித்தியாலம்தானே, தம்பி. அண்டைக்கு மட்டும் அந்தப் பிள்ளையை ஆரும் சொந்தக்காரர் வீட்டில கொண்டுபோய் விடச் சொல்லும். வெறும் வீடாக் கிடக்கக் கூடாது, நீர் வேற ஆரையும் கொண்டுவந்து இருத்தும்."

அதாவது வேறொரு மனைவி. என் படத்தில் ஒரு பெண்ணை அழித்துவிட்டு இன்னொருத்தியைப் போடுவது போல. அவள் எழுந்து நிற்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொன்னேன். "அப்ப நீரே ஒரு வழி பாரும்" என்று பென்சிலை எடுத்துக்கொண்டார்.

சரி, வழி பார்த்தேன். முதலில் நான் பார்த்த வழி என்ன தெரியுமா? மறுநாள் காலை கோயில் மரத்தில் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் உள்ளே அம்மை கண்டிருக்கிறது என்று அர்த்தம். நம் ஆட்கள் படியேற மாட்டார்கள். முதலாளியும் கோட்டும் டையுமாக இருந்தாலும் உள்ளுக்குள் யாழ்ப்பாணத்துக்காரர்தானே, வெள்ளைக்காரரைத் தடுத்துக் கூட்டிப் போய்விடுவார். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

லோகா அக்கா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இலையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அத வெளிய போட்டுட்டு வாங்க" என்றாள்.

"ஒரு நாளைக்குத்தான் அக்கா. யாரும் உள்ள வர மாட்டாங்க."

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு ஆத்தா பேரச் சொல்லிப் பொய் சொல்லச் சொல்றீங்களா? நாளைக்கு இதுக்கு ஒண்ணுன்னா நான் யாரைப் போய்க் கேக்கிறது?" சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். "எங்க வீட்டுக்குள்ள நாங்க படுத்திருக்கிறதுக்குப் பொய் எதுக்குத் தம்பி? ஒரு சுவரு வைக்க முடியாதா உங்களால? இவ்வளவு பெரிய கட்டடம் கட்டுறீங்களே."

இலையை வெளியே கொண்டுபோய்ப் போட்டேன். பக்கத்தில் மிச்சக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட் அச்சுக்காக இறக்கிய ஒட்டுப்பலகைகள் புதிதாக அடுக்கிக் கிடந்தன. சீனத் தச்சர் ஒருவர் அதன்மேல் உட்கார்ந்து சிகரெட் சுற்றிக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாகத் தெரிந்தவர். எங்கள் இருவருக்கும் பொது மொழி சந்தை மலாய்தான்.

உள்ளே ஒரு தடுப்பு வேண்டும், தரையிலிருந்து கூரைவரை, இன்றைக்கே வேண்டும் என்றேன்.

"பிலான் ஆடா?" என்று கேட்டார். வரைபடம் இருக்கிறதா என்று.

"ஆடா" என்றேன்.

எங்கே என்பது போலக் கையை நீட்டினார். நான் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு பலகையின்மேலேயே கோடு போட்டேன். இங்கே தடுப்பு, இங்கே கதவு, கதவு உள்பக்கம் திறக்கும், உள்ளே தாழ்ப்பாள். ஆறு கோடு. அவர் அந்தப் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்காமல் எழுந்தார். வரைபடத்தில் கையெழுத்து இல்லை என்பது அவருக்குத் தெரியும். முதலாளியைக் கேட்காமல், கம்பெனிப் பலகையை எடுத்து, கம்பெனி வீட்டில் சுவர் வைக்கிறேன். வேலை போகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொழுது சாய்வதற்குள் தடுப்பு நின்றுவிட்டது. வண்ணம் இல்லை, இழைப்பு இல்லை, பலகைக் கம்பெனியின் முத்திரைகூட அப்படியே தெரிந்தது. நான் வரைந்த பலகையை அவர் உள்பக்கமாக வைத்து அடித்திருந்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று கார்கள் வந்தன. கம்பெனியின் லண்டன் தலைவர், அவர் மனைவி, உள்ளூர் மேலாளர்கள், பத்திரிகைக்காரர் ஒருவர். முதலாளி முன்னால் வந்து வாசல் கதவைத் தள்ளினார். அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவர்மேல் மோதாத குறை.

"உதென்ன?" என்றார். எனக்கு மட்டும் கேட்கும் குரலில். அவருடைய தடையில்லாத வெளி பாதியாகிவிட்டிருந்தது.

"படுக்கையறை, சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். பார்வையாளர்கள் அதற்குள் உள்ளே நிறைந்துவிட்டார்கள். தலைவர் கண்ணாடிப் பட்டைகளைத் திருகிப் பார்த்தார். அவருடைய மனைவி, நெடிய அம்மாள், யாரையும் கேட்காமல் நேரே தடுப்புக் கதவுக்குப் போய்க் கைப்பிடியைத் திருகினார். கதவு அசையவில்லை. மறுபடி திருகினார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, "திறக்கச் சொல்லும்" என்றார்.

அந்த ஒரு கணத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது சுலபமாகச் சொல்லலாம். அப்போது தெரியவில்லை. போய்க் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டேன், அவ்வளவுதான். ஒரு பெரிய கம்பெனியின் தலைவருக்கும் ஒட்டுப்பலகைக்கும் நடுவில் மரம் மாதிரி நின்றேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆள் இருக்கேன். படுத்திருக்கேன். இப்ப தொறக்க முடியாது."

அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு பெண் தன் அறைக்குள்ளிருந்து பேசுகிறாள் என்பதற்குத் தமிழ் எதற்கு? கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. கதவைப் பார்த்து, "மன்னியுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த வீட்டுக்கு எத்தனையோ பேரைக் கூட்டிப் போயிருக்கிறேன். யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

தலைவர் தடுப்பைத் தட்டிப் பார்த்தார். "நல்லது. நான் பார்த்த படத்தில் இது இல்லையே என்று கவலைப்பட்டேன்" என்றார். "எல்லா வீட்டுக்கும் இது உண்டுதானே?"

இங்கேதான் உங்கள் தொழிலின் மேன்மையை நீங்கள் கவனிக்க வேண்டும். முதலாளி கண் இமைக்கவில்லை. "நிச்சயமாக, ஐயா. ஆரம்பத்திலிருந்தே திட்டத்தில் உள்ளதுதான். முதலில் திறந்த வெளியாக வைத்து ஆராய்ந்தோம்" என்றார்.

ஆராய்ந்தோமாம். உள்ளே படுத்திருந்தவள்தான் ஆராய்ச்சி.

எல்லா வீட்டுக்கும் சுவர் வந்தது. ஒரு கட்டடக் கலைப் பத்திரிகையில் முதலாளி அதைப் பற்றி நீளமாகக் கட்டுரை எழுதினார். பொது வாழ்வுக்கும் அந்தரங்கத்துக்கும் இடையிலான நெகிழ்வான எல்லை என்று அதற்குப் பெயர் சூட்டியிருந்தார். அச்சுப்பலகை என்ற சொல் கட்டுரையில் எங்கும் இல்லை. எனக்கு வேலை போகவில்லை. திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, கதவை மூடிக்கொண்டு, இருபது நிமிஷம் திட்டினார். பிறகு, "அந்தச் சுவருக்கு ஒரு ஒழுங்கான படம் கீறிக் கொண்டாரும்" என்றார். வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பார்வையாளர் ஊர்வலம் அதற்குப் பிறகு குறைந்துவிட்டது. பார்க்க வந்தவர்களும் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். அக்கா மூன்று மாதத்துக்கு மேல் படுத்தே இருந்தாள். நான் தினமும் சுப்பையா அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் நிலவரம் தெரிந்துகொள்வேன், கேட்கத் துணிவு கிடையாது. ஆறாம் மாதம் கடந்த அன்று அவர் எங்கள் அலுவலகத்துக்கே வந்து, ஒரு பொட்டலம் முறுக்கை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நல்ல வேளை, எங்கள் அலுவலகக் கழிவறை முதலாளி வடிவமைத்தது இல்லை.

எட்டு மாதம் முடிந்து குழந்தை பிறந்தது. பெண். எடை குறைவு, ஆனால் தொண்டை நல்ல தொண்டை.

நீங்கள் படம் வரையும்போது ஒரு காரியம் செய்யுங்கள். சோபாவில் இருப்பவளைக் கொஞ்ச நேரம் படுக்க வையுங்கள். காய்ச்சல் வர வையுங்கள். புடவை மாற்ற வையுங்கள், புருஷனோடு சண்டை போட்டு அழ வையுங்கள். அதன் பிறகு கண்ணாடி எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள். இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும். இதையும் நான் முழுசாகக் கற்றுக்கொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

குழந்தைக்கு ஒரு மாதம் இருக்கும்போது பார்க்கப் போனேன். கையில் வெள்ளிக் கொலுசு, தலையில் கனம். சுவர் வைத்தவன் இல்லையா. வாசல் திறந்திருந்தது, அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். தடுப்புக்குப் பின்னாலிருந்து குழந்தையின் சிணுங்கல் கேட்டது. இத்தனை மாதம் அந்த வீட்டுக்குள் நுழைந்த பழக்கத்தில் நேரே போய்க் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே காலெடுத்து வைத்தேன். அக்கா பாலூட்டிக்கொண்டிருந்தாள்.

சட்டென்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். கத்தவில்லை. என் கையில் இருந்த கொலுசைப் பார்க்கவும் இல்லை.

"தம்பி, வெளிய போங்க. கதவச் சாத்துங்க. தட்டிட்டு வாங்க."

வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. காது மடல் எரிய, நானே கோடு போட்ட கதவை நானே தட்டினேன்.

"யாரு?" என்றாள்.

பெயரைச் சொன்னேன்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள். நின்றேன். குழந்தை குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றேன்.